முதலில் விலகி நிற்கப் பழக்கு



தம்பி, டெக்சாஸில் பன்றி வேட்டைக்கென்று கட்டஹூலா நாய்க்குட்டி ஒன்றைப் பழக்கத் தொடங்கியிருக்கிறாய். குட்டிக்குத் தைரியம் ஏற்று என்றுதான் பலரும் சொல்வார்கள். அதற்கு முன், விலகி நிற்கவும் கூப்பிட்டால் திரும்பி வரவும் பழக்கு என்கிறேன் நான். லூசியானாவின் மாநில நாயான இந்த இனம் அங்கே பேர் வாங்கியது கடித்ததற்காக அல்ல. காட்டில் திரிந்த பன்றிகளையும் மாடுகளையும் தேடிப்போய், வளைத்துக் குரைத்து, ஆள் வரும்வரை நகரவிடாமல் நிறுத்தியதற்காக. பாதிக்குமேல் அது மேய்ப்பு வேலை. காதைக் கவ்விப் பிடிக்க அமெரிக்கன் புல்டாக் போன்ற பிடிநாய்கள் தனியே உண்டு. அவற்றைக் கயிற்றில் வைத்திருந்து கடைசியில்தான் அவிழ்ப்பார்கள். இந்த வேலைப் பிரிவினைக்குக் காரணம் பன்றியின் உடம்பிலேயே இருக்கிறது. ஆண்பன்றியின் கீழ்க்கோரைப்பல் மேல்கோரையில் உரசி உரசித் தானே கூர் ஏறுகிறது. தோளிலோ கேடயம்போல் தடித்த தோல். நாயின் பல் அங்கே எளிதில் இறங்காது. பன்றி ஒருமுறை தலையை வெட்டித் திருப்பினால் நாயின் வயிறு கிழியும்.

விலகி நிற்கும் நாய் கோழை என்பார்கள். பன்றி எதிர்த்துப் பாயும்போது பின்வாங்கி, அது திரும்பிய கணமே மறுபடி முன்னால் வந்து குரைக்கிற நாயைப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். ஓடிப்போகிற நாய்தான் கோழை. குருட்டுத்தனமாகப் பாயும் நாயோ காயத்தில் படுக்கும். நீ தேடிப் போகும்போது பன்றியும் இருக்காது.

பன்றியைப் பன்றியிடம்தான் கற்க வேண்டும் என்பதும், கிழநாயோடு விட்டால் குட்டி தானே தேறிவிடும் என்பதும் இன்னொரு வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் எப்போது? பால்பல் விழுந்து நிலைப்பல் முளைத்து முடியவே ஆறேழு மாதம் ஆகும். எலும்பு முதிர ஒரு வயதுக்கு மேலும் ஆகலாம். வாய் நோகும் பருவத்தில் அடிபட்ட குட்டிக்குப் பன்றி வாடையே வலியின் வாடையாகிவிடும். அந்த மாதங்களை மோப்பத் தடம் பிடிக்கவும், மானையும் கன்றையும் கண்டால் திரும்பிப் பாராமல் இருக்கவும், விசிலுக்கு ஓடி வரவும் செலவழி. மான் பின்னால் ஓடிப் பழகிய நாயைத் திருத்துவது பெரும்பாடு. கிழநாயையும் பார்த்துத் தேர்ந்தெடு. கண்டதையெல்லாம் கவ்வுகிற நாயோடு விட்டால் குட்டியும் அதையே கற்கும்.

கழுத்துக்கு அகலப் பட்டை, மார்புக்குக் கவசம், ஜிபிஎஸ் பட்டை எல்லாம் வாங்கு. ஆனால் கவசம் இருக்கிறதென்று பயிற்சியைக் குறைக்காதே. அது கிழிசலைத் தடுக்குமே தவிர, நோயைத் தடுக்காது. காட்டுப்பன்றிகளிடம் அவுஜெஸ்கி நோய்க்கிருமி இருக்கலாம். நாய்க்குத் தொற்றினால் பிழைப்பது அரிது. புருசெல்லா கிருமியோ உனக்கும் தொற்றும். பன்றியை அறுக்கும்போது கையுறை போட்டுக்கொள். குட்டி நன்றாக நின்று குரைத்தது என்று மகிழ்ந்து பச்சை ஈரலை அறுத்துப் போடுகிறார்களே, அதை மட்டும் செய்யாதே. தட்டிக்கொடு, தண்ணீர் வை, வீட்டுக்குக் கூட்டிப்போய் அதன் வழக்கமான தீனியைப் போடு.