எட்டை எங்கே வைப்பாய்?

கண்ணு, 'பால்டர்ஸ் கேட் 3' வாங்கிவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். இன்னும் கதாபாத்திரத்தை உருவாக்கும் திரையைத் தாண்டவில்லை என்றும் சொன்னாள். பன்னிரண்டு கிளாஸ், ஆறு திறன்கள், அதற்குள் கிளை கிளையாகப் பிரியும் மந்திரங்கள், மிரளத்தான் செய்யும். இந்த வகை விளையாட்டுகளோடே தலை நரைத்தவன் உன் பெரியப்பா. எந்தக் கிளாஸ் அதிகம் அடிக்கும் என்று சொல்ல யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எது உன் சுபாவத்துக்கு ஒத்துவரும் என்று கண்டுபிடிக்கிற வழியை நான் சொல்கிறேன்.

1. பன்னிரண்டைப் பார்த்துப் பயப்படாதே. இதற்கெல்லாம் மூலமான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-ல் வெளிவந்தபோது கிளாஸ் மூன்றுதான்: வாள் பிடிப்பவன், மந்திரம் கற்றவன், தெய்வத்தின் பெயரால் காப்பவன். திருடனே அடுத்த வருடம்தான் வந்து சேர்ந்தான். பிறகு வந்தவர்களில் பெரும்பாலோர் இவர்களுக்குப் பிள்ளைகளும் பேரன்களும்தான். ஆகவே முதலில் உன்னையே கேட்டுக்கொள். ஒரு பிரச்சினை வந்தால் நீ முன்னால் போய் நிற்பாயா, தள்ளி நின்று யோசிப்பாயா, பக்கத்தில் இருப்பவரைத் தாங்கிப் பிடிப்பாயா? இதற்கு மட்டும் உண்மையாகப் பதில் சொல்லிவிட்டால் பட்டியலில் பாதி தானாகக் கழிந்துவிடும்.

2. தினமும் செய்யப்போகிற வேலையைப் பார்த்துத் தேர்ந்தெடு. என்றோ ஒருநாள் கிடைக்கப்போகும் பெருமையைப் பார்த்து அல்ல. உன் அத்தை மகனைத் தெரியுமே, பஸ் ஐந்து நிமிஷம் தாமதமானால் நடக்க ஆரம்பித்துவிடுகிறவன். அவன் 'ஃபயர்பால்' வீசும் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு விசார்ட் எடுத்தான். எட்டு பகடை உருட்டிக் கூட்டத்தையே எரிக்கும் மந்திரம் அது, ஆசைப்படத்தக்கதுதான். ஆனால் அது கைக்கு வருவது ஐந்தாவது லெவலில். முதல் லெவல் விசார்டிடம் உருப்படியான மந்திரம் போட இரண்டே வாய்ப்பு (ஸ்லாட்). பூதம் ஒன்று பக்கத்தில் வந்து நன்றாக அடித்தால் தாங்காத உடம்பு. மூன்றாவது லெவலிலேயே விளையாட்டை மூடிவிட்டான். பிறகு ஒரு விடுமுறையில் பார்பேரியன் எடுத்துக் கொடுத்தேன். கோபம் வரவழை, ஓடு, வெட்டு. கோபத்தில் இருக்கும்வரை விழுகிற வெட்டும் குத்தும் பாதிதான் வலிக்கும். ராத்திரி சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை. விசார்டுக்கு ஒரு சண்டையை அது தொடங்குமுன்பே பார்க்கத் தெரிய வேண்டும். ரோக்குக்கு இடம் பார்த்துக் காத்திருக்கத் தெரிய வேண்டும், ஏனென்றால் அவனுடைய பெரிய குத்து ஒரு சுற்றுக்கு ஒன்றுதான். அதுவும் எதிரி அசந்திருக்க வேண்டும், அல்லது அவன் பக்கத்தில் நம் ஆள் நிற்க வேண்டும். அவசரக்காரனுக்கு இரண்டுமே தண்டனை.

3. இதை நிதானமாகப் படி. பலம், லாவகம், உடல் உறுதி, அறிவு, விவேகம், வசீகரம் ஆகிய ஆறும் 8-ல் தொடங்கும். உயர்த்த 27 புள்ளிகள் தருவார்கள். 15 வரை ஏற்றலாம். 13-க்கு மேல் ஒவ்வொரு படிக்கும் இரண்டு புள்ளி விலை. அதற்குப் பிறகு ஒரு திறனுக்கு +2, வேறொன்றுக்கு +1 தனியாகக் கிடைக்கும். மூன்றை 15-க்குக் கொண்டுபோனால் 27-ம் தீர்ந்தது, மற்ற மூன்றும் 8-லேயே நிற்கும். அந்த எட்டைப் பார்க்கப் பலருக்கு மனசு தாங்காது. என் பழைய அலுவலகத் தோழர் ஒருவர், எந்தக் கூட்டத்திலும் யாரிடமும் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லாதவர், மூன்றில் 13, மூன்றில் 12 என்று சமமாக வைத்தார். ஒரு படிச் சோற்றை ஊருக்கே பந்தி வைத்த கதைதான். 12-க்கும் பகடையில் +1, 13-க்கும் +1. இரட்டைப்படை எண்ணில்தான் பலன் ஏறும். அவருடைய வீரன் வாளை வீசினால் படாது, பேசினால் எடுபடாது, பூட்டைத் தொட்டால் திறக்காது.

எட்டு என்றால் எவ்வளவு நஷ்டம் தெரியுமா? பகடையில் ஒன்று குறையும். அவ்வளவுதான். ஃபைட்டருக்கு அறிவு எட்டாக இருந்தால் குடி முழுகிவிடாது. ஆகவே எதில் உயர்ந்து நிற்கப்போகிறாய் என்பதற்கு முன்னால், எதில் மட்டமாக இருக்க உனக்குச் சம்மதம் என்று முடிவு செய். அந்தச் சம்மதம் வந்தவர்கள் தோற்கும்போது கோபப்படுவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன்.

உடல் உறுதியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அது 14 ஆக இருந்தால் ஒவ்வொரு லெவலுக்கும் இரண்டு உயிர்ப்புள்ளி கூடுதல். பன்னிரண்டாம் லெவலில் இருபத்து நான்கு. சுவர் இருந்தால்தான் சித்திரம்.

4. எல்லாவற்றையும் நீயே செய்ய வேண்டியதில்லை. வழியில் வந்து சேர்பவர்களைப் பார்: லேஸெல் ஃபைட்டர், ஷேடோஹார்ட் கிளெரிக், ஆஸ்டாரியன் ரோக், கேல் விசார்ட், வில் வார்லாக், கார்லாக் பார்பேரியன். உன்னையும் சேர்த்து ஒரு நேரத்தில் நால்வர் போகலாம். பூட்டைத் திறக்க ஆஸ்டாரியன் இருக்கும்போது நீயும் அதற்குப் புள்ளி செலவழிப்பது, நம்பி வந்தவனை வாசலில் நிறுத்துவதுதான். ஆனால் ஒன்று: எதிரே இருப்பவரிடம் யார் பேச்சைத் தொடங்குகிறாரோ அவருடைய வசீகரம்தான் கணக்கு. பெரும்பாலும் அது நீயாகத்தான் இருப்பாய். பேசித் தீர்க்கப் பிடிக்குமென்றால் பார்டோ பாலடினோ சோர்சரரோ எடு. இந்த அறுவரில் அவர்கள் யாரும் இல்லை.

5. மேடையில் கைதட்டல் வாங்காத மந்திரங்களைக் கற்றுக்கொள். 'பிளெஸ்' என்று ஒன்று இருக்கிறது. மூன்று பேருடைய ஒவ்வொரு அடியோடும் ஒரு நாலு முகப் பகடையைச் சேர்க்கும். புதியவர்கள் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. தீ இல்லை, இடி இல்லை. கணக்குப் போட்டுப் பார். சராசரியாக இரண்டரை கூடுகிறது, இருபது முகப் பகடையில் அது எட்டில் ஒரு பங்கு. மூன்று பேர், ஒவ்வொரு சுற்றும். காப்லின்கள் சூழ்ந்த ஒரு சண்டையில் ஷேடோஹார்ட் முதல் சுற்றை இதற்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்பாள், பார்க்கிறவனுக்கு அவள் சும்மா நிற்பதாகத் தோன்றும். ஆனால் லேஸெலின் வாள் நூலிழையில் படுகிறபோதெல்லாம் அந்த அடியில் பாதி ஷேடோஹார்ட்டுடையது. பெயர் மட்டும் லேஸெலுக்கு. நம் வீட்டுப் பெண்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

இந்த மாதிரி மந்திரத்தை மனசை ஒருமுகப்படுத்தித்தான் பிடித்திருக்க முடியும். ஒரு நேரத்தில் ஒன்று. அடுத்ததைத் தொடங்கினால் முந்தையது போய்விடும். அடி விழுந்தால் தாங்கிக்கொள்ளப் பகடை உருட்ட வேண்டும், அதற்கும் உடல் உறுதிதான் கணக்கு. ஆகவே பிளெஸ் போட்டவளை முன்வரிசையில் நிறுத்தாதே.

6. பையில் இருக்கும் மருந்து காயத்தை ஆற்றாது. மந்திரச் சுருள்களையும் மருந்துகளையும் 'பெரிய சண்டைக்கு' என்று சேர்த்துச் சேர்த்து, கதை முடியும்போது மூட்டையோடு நிற்பவர்கள்தான் அதிகம். அந்தக் கூட்டத்தில் நானும் உண்டு. இந்த விளையாட்டில் எந்தக் கிளாஸும் சுருளைப் படித்து மந்திரம் போடலாம். ஃபைட்டரின் கையிலும் இரண்டு கொடுத்து வை.

7. பாலடின் எடுத்தால் சபதத்தைப் படித்துவிட்டு எடு. கவசம் பளபளப்பாக இருக்கிறதென்று எடுத்தாள் எதிர்வீட்டுப் பெண். இன்னும் எதிரியாக மாறாத ஒருவனை, அவன் இடுப்பில் இருந்த பொருளுக்காக முதலில் வெட்டினாள். சபதம் தந்த சக்திகள் அணைந்தன. முகாமில் ஒரு கறுப்புக் கவச வீரன் வந்து நின்றான். அவன் திட்டவில்லை, சபதம் முறித்தவர்களின் வழி ஒன்று உண்டு, வருகிறாயா என்று கேட்டான். பொன் கொடுத்துப் பழைய சபதத்தை மீட்கவும் வழி இருக்கிறது. அவள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு முறித்த வழியிலேயே போனாள், 'செஞ்சதைச் செஞ்சேன்னு ஒத்துக்கறேனே அங்கிள்' என்றாள். பொன் கொடுத்து மீட்டவர்களைவிட அவளை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது.

8. ஒரு கிளாஸை முழுசாகப் பழகுமுன் இன்னொன்றைக் கலக்காதே. விளையாட்டு பன்னிரண்டாம் லெவலோடு நிற்கும். நான்காவது, எட்டாவது, பன்னிரண்டாவது லெவலில் ஃபீட் என்று ஒரு சிறப்புத் திறன் தருவார்கள், ஆனால் அது அந்தக் கிளாஸில் ஏறிய லெவல் கணக்கு. நாலு கிளாஸில் மும்மூன்று லெவல் ஏறியவனுக்கு ஒரு ஃபீட்கூடக் கிடைக்காது. ருசி பார்த்தே பசியாறியவன் யாருமில்லை.

9. பகடை சரியாக விழவில்லை என்று ஒவ்வொரு முறையும் சேவ் செய்ததை மறுபடி லோட் செய்யாதே. பேச்சில் 1 விழுந்தால் எவ்வளவு திறமை இருந்தாலும் தோல்விதான், விதி அப்படி. அதற்கென்று இன்ஸ்பிரேஷன் புள்ளி வைத்திருக்கிறார்கள். அதைச் செலவழித்து மறுபடி உருட்டு. அதுவும் தோற்றால் அப்படியே நட. என்னிடம் வந்து இந்த விளையாட்டைப் பற்றிப் பேசுகிற பிள்ளைகள் யாரும் ஜெயித்த பகடையைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஒரே சேவ் மட்டும் உள்ள 'ஹானர் மோட்' ஒன்றை 2023 நவம்பரில் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் இப்போதைக்குப் போகாதே.

10. தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டால்? விதர்ஸ் என்று ஒரு எலும்புக்கூட்டுக் கிழவர் இருக்கிறார். கல்லறைக்குள் போய்க் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடிக்காவிட்டாலும் ஒருநாள் தானாகவே முகாமுக்கு வந்துவிடுவார். நூறு பொன் கொடுத்தால் கிளாஸ், திறன் எல்லாவற்றையும் முதலிலிருந்து மாற்றித் தருவார். எங்கள் காலத்தில் இந்தக் கருணை இல்லை. 2000-ல் 'டையாப்லோ 2' வந்தபோது, வைத்த புள்ளி வைத்ததுதான். அதைத் திருப்பி எடுக்கும் வசதி 2010-ல்தான் கிடைத்தது. பிரவுசிங் சென்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிய ஒரு பையன், மூன்று வகை மந்திரத்திலும் கொஞ்சம் கொஞ்சம் புள்ளி போட்ட சூனியக்காரியை வைத்துக்கொண்டு கடைசிக் கடின நிலையில் வாரக்கணக்காக முட்டிக்கொண்டிருந்தான். புதிதாகத் தொடங்கு என்றால், 'இவளை விட்டுட்டு எப்படிண்ணே' என்பான்.

உனக்கு அந்தச் சங்கடம் இல்லை. ஆனாலும் ஒரு சண்டையில் தோற்றதும் விதர்ஸிடம் ஓடாதே. ஐந்தாவது லெவல்வரை பொறு. அங்கேதான் ஃபைட்டர், பார்பேரியன், பாலடின் போன்றவர்களுக்கு ஒரு சுற்றில் இரண்டாவது அடி வருகிறது, விசார்டுக்கும் சோர்சரருக்கும் பெரிய மந்திரங்கள் திறக்கின்றன. அதற்கப்புறமும் அலுப்பாக இருந்தால் நூறு பொன்னைக் கொடுத்துவிட்டு மாறிக்கொள், யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம்.

11. எதற்கும் உதவாது என்று தோன்றுகிற ஒரு சக்தியாவது உன்னிடம் இருக்கட்டும். நான் எப்போதும் மிருகங்களோடு பேசும் மந்திரத்தை எடுத்துக்கொள்வேன். கிளாஸில் இல்லையென்றால் அதற்கு மருந்து கிடைக்கிறது. செத்துக் கிடக்கும் எஜமானன் பக்கத்தில் காவல் இருக்கும் ஸ்க்ராட்ச் என்ற நாயைச் சந்திப்பாய். அவனிடம் பேசு, அவசரப்படுத்தாதே. டுரூயிடுகளின் தோப்பில் ஒரு அணில் உன்னைக் கண்டபடி ஏசும், வாங்கிக்கொள். அங்கேயே மாடுகளும் நிற்கும். அவற்றில் ஒன்றின் பேச்சு சரியாக இருக்காது. அதனிடம் அதிகம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு சேவ் போட்டுவிடு.