உருவக்கேலி: அக்கறையா, அவமதிப்பா?

கேள்வி: குண்டாக இருப்பவரை ‘குண்டு’ என்றால் அது எப்படி உருவக்கேலி ஆகும்? நல்லதுக்குத்தானே சொல்கிறோம்?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: வடசென்னைக் குத்துச்சண்டைக் களத்தில் எடை பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள்; அங்கே கிலோ வெறும் கணக்கு. அதே கிலோவை வைத்து ஆளையே மட்டம்தட்டினால் அது உருவக்கேலி. 2025 நவம்பரில் ‘அதர்ஸ்’ படச் செய்தியாளர் சந்திப்பில் தன் எடை பற்றிய கேள்வியை எதிர்த்து நடிகை கௌரி கிஷன் தட்டிக்கேட்டது இதைத்தான்: படத்துக்கும் தன் எடைக்கும் என்ன சம்பந்தம்? பருமன் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வழிவிடாதா என்பீர்கள். விடும், ஆனால் கேலி அதற்கு மருந்தல்ல. பருமனை இழிவுபடுத்துவது உடலையும் மனதையும் கெடுக்கிறது என்று 2020இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் பன்னாட்டு நிபுணர்கள் கூட்டாகவே அறிவித்தார்கள். எண்ணூர் ஆலையில் நைட் ஷிஃப்ட் பார்த்துத் தூக்கம் கெட்டவரின் எடைக்கு அவர் வாய் மட்டுமா காரணம்? அக்கறை இருந்தால் தனியாகப் பேசுங்கள். டீக்கடையில் நாலு பேர் முன்னால் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் அக்கறை எதுவும் இல்லை.