மிஸ்ஸிங் அடித்தால் பிளக் வயர்தானா?

திருச்செங்கோட்டில் ரிக் வண்டி, நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி. அதே வட்டாரத்தில் இருக்கும் ஆட்டையாம்பட்டியில் எஞ்சினைப் பற்றிக் கருத்து சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்தப் பக்கத்துக் கைப்பழக்கம் முழுக்க டீசல். டீசல் எஞ்சினில் காற்றை அழுத்தின சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். பிளக்குக்குக் கரண்ட் கொண்டுபோகும் பிளக் வயரே கிடையாது. அதனால்தான் பெட்ரோலில் ஓடும் பழைய மாருதி 800, ஆம்னி வைத்திருப்பவர்களுக்கு டீக்கடையில் கிடைக்கும் யோசனையில் பாதி கேள்விஞானமாக இருக்கிறது.

"பிளக் மாத்தினா வயரையும் மாத்திப்போடுங்க."

தேவையில்லை. பொறி பறந்து பறந்து பிளக்கின் முனை தேயும். அதற்குக் கிலோமீட்டர் கணக்கு உண்டு. வயர் அப்படித் தேய்வதில்லை. எஞ்சின் சூட்டில் அதன் ரப்பர் இறுகி வெடிக்கும், அல்லது உள்ளே இருக்கும் கார்பன் இழை அறும். கையேட்டில் வயருக்கென்று கெடு போட்டிருந்தால் அதன்படி மாற்றலாம். இல்லையென்றால் சோதித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

"பார்த்தா புதுசாட்டம் இருக்குது, வயர் நல்லாத்தான் இருக்கும்."

இது கொஞ்சம் ஏமாற்றும். பிளக்கைக் கழற்றும்போது தொப்பியைப் பிடித்துத் திருகி எடுக்காமல் வயரைப் பிடித்து இழுப்பவர்கள் அதிகம். வெளியே கீறல்கூட இருக்காது. உள்ளே இழை அறுந்திருக்கும். வயரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு முனையையும் தொட்டுப் பாருங்கள். சில ஆயிரம் ஓம்ஸ் காட்டும். நீளமான வயர் கூடுதலாகக் காட்டும். அளவு காருக்குக் கார் மாறும் என்பதால் கையேட்டோடு ஒப்பிடுவது நல்லது. ஒரு வயர் மட்டும் மற்றதைவிடப் பல மடங்கு காட்டினாலோ, வளைத்து ஆட்டும்போது அளவு தாவினாலோ அதன் கதை முடிந்தது. அடுத்தது இருட்டுச் சோதனை. ராத்திரி பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, கை வைக்காமல் பாருங்கள். வயரின் மேல் நீலப் பொறி ஓடினால் கரண்ட் கசிகிறது. மழைநாள் காலையில் மட்டும் மிஸ்ஸிங் அடிக்கும் வண்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

"ஓடுறப்பவே ஒவ்வொரு வயரா புடுங்கிப் பாருங்க, தெரிஞ்சிடும்."

தெரியும்தான். ஆனால் அதில் 20,000 வோல்ட்டுக்கு மேலும் பாயும். ஷாக் ஒருபுறம், போக வழியில்லாத மின்சாரம் காயிலைக் கெடுக்கும், எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். கைவிட வேண்டிய பழக்கம்.

"பெட்ரோல்ல நல்லா ஓடுது, கேஸ்ல மிஸ்ஸிங் அடிக்குது. கிட்டுதான் கோளாறு."

அவசரப்பட வேண்டாம். கேஸ் கலவையில் பொறி பாய இன்னும் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். பெட்ரோலில் ஒப்பேற்றிவிடும் பலவீனமான வயர் கேஸில் காட்டிக்கொடுத்துவிடும். கேஸ் கிட்டைப் பிரிப்பதற்கு முன்னால் பிளக்கையும் வயரையும் பார்ப்பது செலவு குறைவு.

"எலி கடிச்சதுக்கு டேப் சுத்தினா போதும்."

முறுக்கு சுடும் ஆட்டையாம்பட்டியில் எலிக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. படுக்க மட்டும் சூடான பானெட்டைத் தேடி வரும். கடைகளில் கிடைக்கும் சாதாரண இன்சுலேஷன் டேப் பெரும்பாலும் 600 வோல்ட் அளவுக்குச் செய்தது. இந்த வயருக்கு அது காணவே காணாது. கடித்தது ஒன்றானால் ஒன்றை மாற்றலாம். வயதாகி வெடித்தது என்றால் செட்டாக மாற்றுங்கள், மற்றவையும் அதே வயதுதான். ஒன்றைக் கழற்றி அந்த இடத்தில் புதியதை மாட்டிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள், வரிசை குழம்பாது.

தடித்த கலர் வயர் போட்டால் மைலேஜ் கூடும் என்பதற்கு ஒரு வரி போதும்: நல்ல வயரைக் கழற்றிவிட்டுப் போட்டால் மைலேஜ் கூடப்போவதில்லை.

இன்றைய பெட்ரோல் கார்கள் பெரும்பாலானவற்றில் காயில் நேராகப் பிளக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். இந்த வயரே இல்லை. அதனால் உங்கள் பில்லில் "பிளக் வயர் செட்" என்று எழுதியிருந்தால், கழற்றிய பழைய செட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.