சர்வதேச ஹொக்கியின் இரண்டாம் படி: ஆண்களுக்கான நேஷன்ஸ் கிண்ணம்

மாணவர்களே, சுற்றுப்போட்டிகளை ஒழுங்கமைத்தல் என்னும் அலகில் லீக் முறை, விலகல் முறை ஆகியவற்றைக் கற்றுள்ளீர்கள். இவ்விரு முறைகளும் ஒன்றிணைந்த சர்வதேசப் போட்டி ஒன்றை இப்பாடத்தில் நோக்குவோம்.

1. பின்னணி

உலகின் முன்னணி அணிகளுக்கு அடுத்த நிலையிலுள்ள அணிகளுக்காகச் சர்வதேச ஹொக்கி சம்மேளனம் 2001இல் சம்பியன்ஸ் சலஞ்ச் போட்டியைத் தொடங்கியது. அவ்வாண்டு கோலாலம்பூரில் இந்தியா வெற்றி பெற்றது. வெல்லும் அணிக்கு முதல்தரப் போட்டியான சம்பியன்ஸ் கிண்ணத்தில் இடம் கிடைத்தது. 2011இல் ஜொகன்னஸ்பேர்க்கில் பெல்ஜியம் இறுதியாட்டத்தில் இந்தியாவை 4–3 என வென்றது. அதே பெல்ஜியம் 2018இல் உலகக் கிண்ணத்தையும், 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கத்தையும் பெற்றது. இரண்டாம் படி என்பது தாழ்வான இடமன்று, ஏறும் இடம் என்பதற்கு இது சிறந்த உதாரணமாகும்.

2019இல் புரோ லீக் ஆரம்பமானது. அதற்குத் தரமுயரும் வாயிலாக 2022இல் நேஷன்ஸ் கிண்ணம் அறிமுகமானது.

2. போட்டி அமைப்பு (2025, கோலாலம்பூர்)

• 8 அணிகள், பிரிவுக்கு 4 வீதம் இரு பிரிவுகள்.
• பிரிவினுள் லீக் முறை. ஆட்டங்களின் எண்ணிக்கை: 4 × 3 ÷ 2 = 6. இரு பிரிவுகளுக்கும் 12.
• ஒவ்வொரு பிரிவிலும் முதலிரு அணிகள் அரையிறுதிக்குச் செல்லும். அதன் பின் விலகல் முறை.

பாகிஸ்தானும் நியூசிலாந்தும் ஒரே பிரிவில் மோதிய பின் இறுதியாட்டத்திலும் சந்தித்தன. நியூசிலாந்து 6–2 என வென்றது. லீக் முறையில் ஒரு தோல்வியுடன் அணி வெளியேறுவதில்லை என்பதைக் கவனிக்க.

3. வெற்றியாளர்கள்

• 2022, பொச்செஃப்ஸ்ட்ரூம்: தென்னாபிரிக்கா (இரண்டாமிடம் அயர்லாந்து)
• 2024, போலந்தின் நியெஸ்னோ: நியூசிலாந்து (இரண்டாமிடம் பிரான்ஸ்)
• 2025, கோலாலம்பூர்: நியூசிலாந்து (இரண்டாமிடம் பாகிஸ்தான்)

4. வென்றும் உயராத அணிகள்

இம்மூன்று தடவைகளிலும் கிண்ணத்தை வென்ற அணி அடுத்த புரோ லீக்கில் விளையாடவில்லை. 2023–24 பருவகாலத்தில் தென்னாபிரிக்காவுக்குப் பதிலாக அயர்லாந்து ஆடியது. 2024–25இல் நியூசிலாந்து செல்லாததால் அயர்லாந்து தன் இடத்தைத் தக்கவைத்தது. 2025இலும் நியூசிலாந்து விலகவே, வாய்ப்பு பாகிஸ்தானுக்குக் கிடைத்தது.

காரணம் என்ன? புரோ லீக் ஒரே இடத்தில் ஒரு வாரத்தில் முடியும் போட்டியன்று. பல மாதங்கள் பல நாடுகளுக்கு வீரர்களும் பயிற்றுநர்களும் பயணிக்க வேண்டும். தொலைவிலுள்ள நாட்டின் சங்கத்துக்கு இச்செலவு பெருஞ்சுமை. நான்கு தடவை உலகக் கிண்ணம் வென்ற பாகிஸ்தானே 2019இல் முதல் ஆட்டங்களுக்குச் செல்ல முடியாமல் அந்த லீக்கிலிருந்து நீக்கப்பட்டது.

மைதானத்தில் வீரர் பெற்ற உரிமையை நிதிநிலை பறித்துவிடக்கூடும். எனவே போட்டியைத் திட்டமிடுபவர் அட்டவணையுடன் பயணச் செலவையும் கணக்கிடுதல் அவசியம். உங்கள் பாடசாலையில் போட்டி ஒழுங்கு செய்யும்போதும் இதனை மறவாதீர்கள்.

பயிற்சி வினாக்கள்

1. 8 அணிகளும் ஒரே பிரிவில் லீக் முறையில் ஆடினால் எத்தனை ஆட்டங்கள் நடைபெறும்?
2. பிரிவுகளாக வகுப்பதன் நன்மை ஒன்றும் குறைபாடு ஒன்றும் தருக.
3. “தரமுயர்வுக்குத் திறமை மட்டும் போதாது.” இரு உதாரணங்களுடன் விளக்குக.

விடைக் குறிப்பு

1. 8 × 7 ÷ 2 = 28.
2. நன்மை: ஆட்டங்களும் நாட்களும் குறையும். குறைபாடு: பலமான அணிகள் ஒரே பிரிவில் சேரக்கூடும்.
3. பகுதி 4ஐப் பார்க்க. நாடு, ஆண்டு, காரணம் ஆகிய மூன்றையும் எழுதினால் விடை முழுமை பெறும்.