சீட்டில் விலை எழுதுவது யார்?



மளிகைக் கடையில் சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். துவரம்பருப்பு 2 கிலோ, சர்க்கரை 1 கிலோ என்று பொருளையும் அளவையும்தான் எழுதுவோம். விலையையும் நாமே எழுதி நீட்டினால் கடைக்காரர் சும்மா விடுவாரா? "விலையை நான் போட்டுக்கறேன், நீ ஓரமா நில்லுப்பா" என்பார். அவருக்குத் தெரிந்த இந்த விஷயம் சில ஷாப்பிங் கார்ட் புரோகிராம்களுக்குத் தெரியாமல் போயிற்று! 2000 பிப்ரவரியில் இன்டர்நெட் செக்யூரிட்டி சிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், 11 கார்ட் மென்பொருள்களில் இக்குறையைக் கண்டு அறிவித்தது.

குறை எங்கே?

ஃபார்மில் 'ஹிட்டன்' என்றொரு ஃபீல்டு உண்டு. திரையில் தெரியாது, பக்கத்தின் சோர்ஸைத் திறந்தால் தெரியும். அதில் மல்டிமீட்டரின் விலை 450 என்று வைத்தால், யாரும் அதை 45 ஆக்கி அனுப்பலாம். "நான் போஸ்ட்லதானே அனுப்பறேன்!" என்பீர்கள். போஸ்ட்டில் மதிப்பு அட்ரஸ் பாரில் தெரியாது, அவ்வளவுதான். மாற்ற முடியாது என்று அர்த்தமில்லை. ஜாவாஸ்கிரிப்ட் சோதனையும் அப்படியே. அது ஓடுவது வாடிக்கையாளரின் பிரவுசரில். அவர் நினைத்தால் நிறுத்திவிடலாம். தவறை உடனே சுட்டிக்காட்ட அது உதவும், காவலுக்கு உதவாது.

சர்வரில் செய்ய வேண்டியவை

1. பொருள்: ஃபார்மிலிருந்து பொருளின் கோடு எண்ணை மட்டும் வாங்குங்கள். அது உங்கள் டேபிளில் இருக்கிறதா என்று பார்த்து, விலையை அங்கிருந்தே எடுங்கள். மொத்தத்தையும் சர்வரே கூட்டட்டும்.

2. எண்ணிக்கை: இதில்தான் பலர் கோட்டை விடுகிறோம். ஒருவர் 450 ரூபாய் மல்டிமீட்டர் 2, 250 ரூபாய் சால்டரிங் அயர்ன் -3 என்று அனுப்புகிறார். 900-இல் 750 போக, பில் 150 ரூபாய்! விலை சரி, கணக்கும் சரி, கடைக்குத்தான் நஷ்டம். பி.எச்.பி.யில் 'இன்ட்வால்' போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அது '-3'-ஐ அப்படியே விடும். '2கிலோ'வை 2 ஆக்கும். 'சிடைப்_டிஜிட்' ஃபங்ஷன் எல்லாமே இலக்கமாக இருந்தால்தான் சரி என்று சொல்லும். அதன் பிறகு 1 முதல் 20 வரை என்பது போல ஒரு வரம்பும் வையுங்கள்.

3. பெயர், முகவரி: இங்கே ரொம்பக் கெடுபிடி வேண்டாம். நம் ஊரில் இனிஷியல் ஒரே எழுத்து, புள்ளியோடு வரும். முகவரியில் '12/4அ' என்று வரும். அவற்றைத் தவறென்று தள்ளினால் நல்ல வாடிக்கையாளர்தான் போய்விடுவார். வாங்கிக்கொள்ளுங்கள். டேட்டாபேஸில் எழுதும்போது 'ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்' வழியாக எழுதுங்கள். மேற்கோள் குறி வந்தாலும் அது கட்டளையாக மாறாது. திரையில் காட்டும்போது 'எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ்' வழியாகக் காட்டுங்கள்; யாராவது எழுதிவிட்ட ஸ்கிரிப்ட் வெறும் எழுத்தாகவே நிற்கும்.

தவறு இருந்தால் "பிழை" என்று மொட்டையாகச் சொல்லாமல், எந்தக் கட்டத்தில் என்ன தவறு என்று காட்டுங்கள். சரியாக நிரப்பியவை அழியாமல் இருக்கட்டும். மறுபடி முழுசா நிரப்பச் சொன்னா யார் வாங்குவா?

செய்து பாருங்கள்

உங்கள் பிராஜெக்ட்டில் எண்ணிக்கைக் கட்டத்தில் 0, -1, 1.5, '2கிலோ', 99999, வெற்றிடம் ஆகிய ஆறையும் அனுப்புங்கள். ஆறையும் சர்வர் திருப்பி அனுப்பினால் உங்கள் கடையைத் தைரியமாகத் திறக்கலாம். ஒன்று உள்ளே நுழைந்தாலும், நண்பர்களே, ஷட்டரைக் கொஞ்சம் இறக்கியே வையுங்கள்!