போன் எதுவானால் என்ன, செயலி ஒன்றுதானே?

தூத்துக்குடிக் கடற்கரையின் திரேஸ்புரத்திலிருந்தோ தருவைகுளத்திலிருந்தோ கடலுக்குப் போகிறவர்களில் கைபேசி இல்லாத ஆளைக் காண்பது இன்று அரிது. வானிலை, அலை உயரம், மீன் கிடைக்கும் பகுதி, எல்லைக்கோடு எல்லாவற்றுக்கும் செயலி உண்டு. செயலி என்பது எந்த போனில் இறக்கினாலும் ஒன்றுதான், ஆண்ட்ராய்டா ஐபோனா என்பது காசு உள்ளவர்களின் கவலை என்ற எண்ணமும் கூடவே வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணம் தவறு. ஒரு செயலி யார் கைக்குப் போய்ச் சேரும், கடலில் எவ்வளவு நேரம் விழித்திருக்கும், எப்போது கண்ணில் படாமல் போகும் என்பதையெல்லாம் அதை எழுதியவரைவிட, அது ஓடும் தளத்தை வைத்திருப்பவரே அதிகம் தீர்மானிக்கிறார்.

இதற்குச் சான்று நம் கடற்கரையிலேயே இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காகக் கொண்டுவந்த ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ செயலி, ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை அறிவிப்பையும் மீன்வளப் பகுதித் தகவலையும் மீனவர் கைக்குக் கொண்டுசேர்ப்பது. அது முதலில் எழுதப்பட்டது ஆண்ட்ராய்டுக்கு அல்ல. குவால்காம் நிறுவனத்தின் ‘ப்ரூ’ என்ற தளத்தில், டாடா டெலிசர்வீசஸின் சிடிஎம்ஏ போன்களுக்காக எழுதப்பட்டது. அந்தக் காலத்தில் அது நல்ல தேர்வுதான். ஆனால் ப்ரூ செயலி சான்று பெற்று, தொலைபேசி நிறுவனத்தின் பட்டியல் வழியாகத்தான் இறங்க முடிந்தது. பக்கத்து வள்ளத்துக்காரர் வேறு நிறுவனமான ஏர்செல்லின் சிம் வைத்திருந்தால், தகவல் அவருக்கும் தேவை, கடலும் ஒரே கடல், ஆனாலும் செயலி கிடைத்திருக்காது. பிறகு ஆண்ட்ராய்டு வந்தது, சிடிஎம்ஏ சேவை நாட்டிலிருந்தே மறைந்தது, செயலியும் ஆண்ட்ராய்டுக்கு மாறியது. கடல்நிலைத் தகவலில் எந்தக் குறையும் இல்லாமலேயே, வெளியே நடந்த தளப்போட்டி பழைய செயலியின் ஆயுளை முடித்துவைத்தது.

தமிழ் எழுதுவதிலும் இதே கதைதான். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலி 2005 பொங்கலன்று வெளியானபோது ஜாவா போன்களில் ஓடியது. பின்னர் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. ஆண்ட்ராய்டு பிறர் எழுதிய விசைப்பலகையை எல்லாச் செயலிகளுக்குள்ளும் அனுமதித்தது. ஆப்பிள் அந்தக் கதவைத் திறந்தது 2014-இல், ஐஓஎஸ் 8 வந்தபோதுதான். அதுவரை ஐபோன்காரர் செல்லினத்துக்குள் தட்டச்சு செய்து, அங்கிருந்து எடுத்துப் போய் வேறிடத்தில் ஒட்ட வேண்டியிருந்தது. எழுதியவர் ஒருவரே, மொழியும் ஒன்றே. தளத்தின் விதி மாறியதால் பயன்படுத்துகிறவரின் அனுபவமே வேறாகிப் போனது.

போட்டிதான் முடிந்துவிட்டதே, இந்தியாவில் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் ஆண்ட்ராய்டுதானே, அதற்கு ஒரு செயலி எழுதினால் போதாதா என்று கேட்பார்கள். எனக்கு அதிகம் கவலை தருவது இந்த நம்பிக்கைதான், ஏனென்றால் ஆண்ட்ராய்டு என்ற ஒரு பெயருக்குள் பல போன்கள் இருக்கின்றன. எல்லைக்கோட்டை நெருங்கும்போது எச்சரிக்கும் வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். அது பயன்பட வேண்டுமென்றால், திரை அணைந்து போன் பைக்குள் கிடக்கும்போதும் செயலி இருப்பிடத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-இல் பேட்டரியை மிச்சப்படுத்த, சும்மா கிடக்கும் போனின் செயலிகளைத் தூங்கவைக்கும் ஏற்பாடு வந்தது. 2019-இல் ஆண்ட்ராய்டு 10, பின்னணியில் இருப்பிடம் அறியத் தனி அனுமதி கேட்டது. தனியுரிமைக்கு அது நல்லதே. இவற்றுக்கு மேல், மலிவு போன் தயாரிப்பாளர்கள் பலர் சொந்தமாக ஒரு பேட்டரிக் காவலையும் சேர்த்து, பின்னணியில் ஓடும் செயலியைக் கேட்காமலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஒரே படகில் இரண்டு போன், ஒரே செயலி, ஒன்று ஒலி எழுப்பும், மற்றது மௌனமாக இருக்கும். மன்னார் வளைகுடாவில் 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தம் வகுத்த எல்லை தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. எச்சரிக்கும் என்று நம்பிய போன் மௌனமாக இருந்தால், அதன் விலை படகும் சிறையும்.

செயலியை ஒருமுறை செய்து வெளியிட்டால் வேலை முடிந்தது என்பதும் தவறு. புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகளுக்கு ஏற்பப் புதுப்பிக்காத செயலியை, புதிய போனில் தேடுகிறவர் கண்ணில் படாதபடி பிளே ஸ்டோர் மறைத்துவிடும். ஆகவே திறப்பு விழாவுக்குப் பணம் ஒதுக்கி, பராமரிப்புக்கு ஒதுக்காத எந்த அரசுச் செயலியும் சில ஆண்டுகளில் காணாமல் போகும்.

டவர் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். போனின் ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து நேரடியாகச் சமிக்ஞை பெறுவது, டவர் போன பிறகும் இடம் காட்டும். வராமல் போவது புதிய வானிலை அறிவிப்புதான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டாததற்கு டவர் இல்லாததும் ஒரு காரணம். அதன்பின் 2019-இல் வந்த ‘ஜெமினி’ கருவி செயற்கைக்கோள் வழியாக அறிவிப்பைப் பெற்று புளூடூத்தில் போனுக்குத் தருகிறது. டவர் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் கடைசியில் அதைப் படித்துக் காட்டுவது போனில் உள்ள செயலி என்பதால், தளத்தின் விதிகள் அங்கேயும் பொருந்தும்.

போட்டி இல்லாவிட்டால் மலிவு போனே வந்திருக்காதே என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு வந்திராவிட்டால் நாட்டுப்படகு மீனவர் கையில் ஸ்மார்ட்போன் இவ்வளவு சீக்கிரம் சேர்ந்திருக்காது. ஆனால் விலை குறைந்தாலே வாய்ப்பு சமமாகிவிடாது. 2017-இல் வந்த ஜியோபோன் மிக மலிவு, ஆனால் அது ஓடியது கைஓஎஸ் என்ற வேறு தளத்தில். வாட்ஸ்அப்பே அதற்கு 2018 செப்டம்பரில்தான் வந்தது, ஆண்ட்ராய்டு செயலிகள் அதில் ஓடவே ஓடாது. அதை வாங்கியவர் காசை மிச்சப்படுத்தினார், ஆனால் செயலி வழி வரும் கடல் எச்சரிக்கையை விட்டுக்கொடுத்தார். இணையதளமாகச் செய்துவிட்டால் தளச்சிக்கல் தீருமே என்பவர்களுக்கும் பதில் உண்டு: வெறும் பக்கத்தைப் பார்ப்பதற்கு அது போதும், திரை அணைந்த போனில் எல்லையைக் காவல் காக்க அது உதவாது.

ஆகவே உயிர்காக்கும் எச்சரிக்கை எந்த ஒரு தளத்தையும் மட்டும் நம்பியிருக்கக் கூடாது. குறுஞ்செய்தி, விஎச்எஃப் வயர்லெஸ், கரையோர ஒலிபெருக்கி மூன்றும் செயலியோடு சேர்ந்தே தொடர வேண்டும். மீன்வளத்துறை செயலிகளைக் கடற்கரையில் அதிகம் விற்கும் மலிவு போன்களில் வைத்துச் சோதிக்க வேண்டும். படகுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஜூன் 14-இல் மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் போனின் அமைப்புகளைத் திறந்து, நீங்கள் நம்பும் கடல் செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள், இருப்பிட அனுமதியை ‘எப்போதும்’ என்று மாற்றுங்கள், கரையை விடுமுன் அன்றைய அறிவிப்பை இறக்கி வையுங்கள்.