பூவிருந்தவல்லியில் ஒரு மாலை

சென்னையின் நெடிய சாலைகளுள் ஒன்று, சென்ட்ரல் இரயில் நிலையத்தின் அருகிலிருந்து மேற்கு நோக்கிச் செல்வதாகும். இன்று பெரியார் ஈ.வெ.ரா. சாலை என்று பெயர் பெற்றுள்ள அதனைப் 'பூந்தமல்லி நெடுஞ்சாலை' என்றே பலரும் வழங்குவர். அப்பெயரை நாள்தோறும் சொல்லுவோர் எண்ணற்றவர். அப்பெயர்க்கு உரிய ஊரைக் கண்டோர் சிலரே. பெங்களூர் முதலிய தொலைவிடங்கட்குச் செல்லும் பேருந்துகள் பெரும்பாலும் ஊருக்குள் நுழைவதில்லை. புறவழிச்சாலையில் சிறிது நேரம் நின்று, காத்திருப்போரை ஏற்றிக்கொண்டு விரைந்து விடுகின்றன. அங்கு மணிக்கணக்காகக் காத்திருப்போரும் ஊரின் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆவடியை அடுத்த பட்டாபிராமைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் ஒருநாள் மாலை அவ்விடத்தில் வந்து நின்றான். தொழிற்பயிற்சி முடித்திருந்த அவனுக்குப் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் மறுநாட் காலை நேர்காணல். இரவு 10 மணிக்குப் பேருந்து. தனியே அவன் மேற்கொண்ட முதல் நெடும்பயணம் அது. தாய்க்கோ வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. "தம்பி, வண்டியை விட்டுவிட்டால் வேலையே போய்விடும். சீக்கிரமே போய் உட்கார்ந்துகொள். நிறுத்தத்தை விட்டு எங்கும் போகாதே" என்று சொல்லி, நான்கு மணிக்கே அனுப்பிவிட்டாள். ஆவடியில் ஏறிய நகரப் பேருந்து கூவம் ஆற்றைக் கடந்து அவனைப் பூவிருந்தவல்லியில் சேர்த்தபோது, மணி ஐந்துகூட ஆகவில்லை.

ஒரு மணி நேரம் அவன் தாய் சொல்லைத் தட்டவில்லை. லாரிகள் எழுப்பிய புழுதியில் அமர்ந்து, கைப்பேசியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். ஆறு மணிக்கு அதுவும் சலித்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஊருக்குள் செல்லும் டிரங்க் சாலையில் இறங்கி நடந்தான்.

அவன் நடந்த சாலை மிகப் பழைமையானது. அதற்குச் சான்று வேண்டுவோர் கல்வெட்டைத் தேட வேண்டுவதில்லை. பேருந்தின் நடத்துநர் கூவும் நிறுத்தங்களின் பெயர்களைக் கேட்டாலே போதும். வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என மூன்று சாவடிகள் இவ்வூரைச் சூழ்ந்துள்ளன. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் சென்றோர், இருட்டும் வேளையில் இங்குத் தங்கிப் பொழுது விடிந்தபின் புறப்படுவர். சாவடிகள் மறைந்தன, பெயர்கள் நிலைத்துவிட்டன. காத்திருப்பது இவ்வூரார்க்குப் புதிதன்று. ஆயின் அக்காலத்துப் பயணி ஊருக்குள் காத்திருந்தான். இக்காலத்துப் பயணி ஊருக்கு வெளியே காத்திருக்கிறான். புறவழிச்சாலையின்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. நெடுஞ்சாலைப் போக்குவரத்து முழுவதும் கடைத்தெரு வழியே சென்றால் ஊரார் தெருவைக் கடப்பதே அரிதாகும். எனினும், அச்சாலை ஊரைப் பயணியின் கண்ணினின்றும் மறைத்துவிட்டது என்பதும் மெய்யே.

கடைத்தெருவில் விளக்குகள் ஏற்றும் நேரம். பூக்கடைகளில் சாமந்தியும் மல்லிகையும் குவிந்திருந்தன. பூவிருந்தவல்லி என்னும் பெயர் மக்கள் நாவில் பூந்தமல்லி எனத் திரிந்தது. ஆங்கிலேயர் அதனை மேலும் திரித்துப் 'பூனமல்லி' ஆக்கினர். இவ்வூரின் பெயரில் மட்டுமன்றி, இங்குப் பிறந்த பெரியார் ஒருவரின் வாழ்விலும் பூ மணக்கின்றது. அவர் திருக்கச்சி நம்பி. 11-ஆம் நூற்றாண்டினர், வணிகர் குலத்தவர், இராமானுசர் தமக்கு வழிகாட்டியாக மதித்துப் போற்றியவர். இங்கு நந்தவனம் அமைத்துப் பூப்பறித்து, காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாளுக்கு அவர் கொண்டு சென்று சாத்தி வந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. காஞ்சி இங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு. அத்துணைத் தொலைவை எத்தனை நாளைக்கு ஒருமுறை நடந்தார் என்று கணக்குப் பார்ப்போர் பார்க்கட்டும்; பூ வாடுமுன் சேர வேண்டும் என்ற விரைவு மட்டும் அவர்க்கு இருந்திருக்கும் அன்றோ?

இளைஞன் வரதராசப் பெருமாள் கோயிலுக்குள் சென்றான். காஞ்சி வரதர்க்கும் திருவரங்கத்து அரங்கர்க்கும் திருவேங்கடத்துச் சீனிவாசர்க்கும் அங்குச் சந்நிதிகள் உண்டு. நம்பிக்கும் சந்நிதி உண்டு. முதுமையில் நம்பி நடக்க இயலாது தளர்ந்தபோது, பெருமாளே அவரைத் தேடி இவ்வூர்க்கு வந்தார் என்று பக்தர்கள் கூறுவர்.

கோயிலை விட்டு வெளியே வந்தவன், மனம் போனபடி தெருக்களில் நடந்தான். அவன் அறியாத வரலாறு ஒன்று அத்தெருக்களுக்கு உண்டு. விசயநகர அரசின்கீழ் இக்கடற்கரைப் பகுதியை ஆண்டவர் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர். அவர் வந்தவாசியில் இருந்தார். அவர் தம்பி ஐயப்ப நாயக்கர் பூவிருந்தவல்லியில் தங்கிக் கரையோர ஊர்களை மேற்பார்த்து வந்தார். 1639-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினியைச் சேர்ந்த பிரான்சிசு டே என்பவர், வாணிகத்திற்கு ஏற்ற இடம் தேடி வந்தார். கடலோரத்தில் ஒரு மணற்றிட்டைக் கும்பினியார் பெற்றது இந்நாயக்கர்கள் வாயிலாகவே. மறு ஆண்டில் அங்குப் புனித ஜார்ஜ் கோட்டை எழத் தொடங்கியது. நாயக்கர்களின் தந்தையாகிய சென்னப்பரின் பெயரால் சென்னப்பட்டினம் வளர்ந்தது. ஆட்சியாளர் இருக்கையாக விளங்கிய ஊர் புறநகராயிற்று. வெறும் மணல்வெளி மாநகராயிற்று! 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தம் ஐரோப்பியப் படைவீரரைத் தங்கவைக்கும் பாளையமாகவும் இவ்வூரைப் பயன்படுத்தினர்.

எட்டு மணிக்கு மேல் மின்சாரம் நின்றது. தெரு முழுதும் இருண்டது. இளைஞன் திடுக்கிட்டுக் கைப்பேசியை எடுத்தான். வழி காட்டும் படம் அதில் உண்டு என்ற துணிவில்தான் அவன் திருப்பங்களை நோக்காமல் நடந்திருந்தான். மாலையில் கேட்ட பாட்டு அதன் மின்கலத்தைக் குடித்துவிட்டிருந்தது. வந்த வழியே திரும்புவதாக எண்ணி நடந்தான். அது ஒரு குறுகிய சந்தில் போய் முடிந்தது. மீண்டும் திரும்பினான், எல்லாத் தெருக்களும் ஒன்றுபோலத் தோன்றின. தாய் சொன்ன சொல் நெஞ்சில் உறுத்தியது. மறுநாள் காலை தனக்காக ஒதுக்கப்பட்டிருந்த நாற்காலி வெறுமையாய்க் கிடப்பதுபோல அவனுக்குத் தோன்றியது.

அப்போது தரையில் கோல் தட்டும் ஓசை கேட்டது. ஒருவர் அவ்விருளில் சற்றும் தயங்காமல் நடந்து வந்தார்.

"அண்ணா, பைபாஸ் நிறுத்தத்திற்கு எப்படிப் போக வேண்டும்?" என்றான் இளைஞன்.

அவர் நின்றார். "எந்த வண்டி, தம்பி?"

"பத்து மணிப் பெங்களூர் வண்டி. தெருவில் ஒன்றுமே தெரியவில்லை. மின்சாரம் இல்லை."

"அப்படியா? அதனால்தான் மாவரைக்கும் எந்திரத்தின் ஓசை நின்றுவிட்டதோ?" என்று அவர் நகைத்தார். அப்பொழுதுதான் அவர் கையில் இருந்தது வெண்கோல் என்பதை இளைஞன் கண்டான்.

கண்பார்வை இல்லாத மாணவர்க்கென அரசு நடத்தும் மேல்நிலைப் பள்ளி ஒன்று இவ்வூரில் உண்டு. அவர் அங்குப் பயின்றவர், இவ்வூரிலேயே வாழ்பவர். வெண்கோல் ஏந்தித் தனியே நடப்பது, நாள்தோறும் முயன்று பெறும் பயிற்சியாகும். கோலின் நுனி தரையின் தன்மையை அறிவிக்கும். சுவர் முடிந்து சந்து தொடங்கும் இடத்தைக் காற்றும் எதிரொலியும் காட்டும். மருந்துக்கடை, உணவுவிடுதி, மீன்கடை ஆகிய ஒவ்வொன்றும் தன் மணத்தால் தன்னைச் சொல்லும். திருப்பங்களை எண்ணி நினைவில் நிறுத்த வேண்டும். ஒன்று தவறினால், தெரிந்த இடத்திற்குத் திரும்பி வந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

"இங்கிருந்து நேரே நடங்கள். இரண்டாவது திருப்பம் வரும்போது பூ மணம் வரும். இந்நேரம் மல்லிகை கட்டிக்கொண்டிருப்பார்கள். அங்கே வலக்கைப் பக்கம் திரும்புங்கள். சிறிது தூரத்தில் பெரிய சாலை. அதில் இடக்கைப் பக்கம் சென்றால் லாரி ஓசை வரவரப் பெருகும். அதை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் உங்கள் நிறுத்தம். எண்ணிக்கொண்டே நடங்கள். மணி என்ன?"

இளைஞன் கைக்கடிகாரத்தை உற்று நோக்கினான். "ஒன்பதாகப் பத்து நிமிடம்."

"நேரம் நிறைய இருக்கிறது. சாப்பிட்டீர்களா?"

சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது.

அவன் முதல் திருப்பத்தை எண்ணினான். இரண்டாவதை அடையுமுன்னரே மல்லிகை மணந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த முதிய அம்மையார் அருகே வலப்புறம் திரும்பினான். டிரங்க் சாலையில் மின்சாரம் இருந்தது. மெட்ரோ இரயிலுக்கென எழுப்பப்பட்ட தூண்கள் வரிசையாக நின்றன. அங்கு ஓர் உணவுவிடுதியில் இட்லி உண்டு, கைப்பேசிக்கும் சிறிது மின்னூட்டிக்கொண்டு, ஒன்பதரை மணிக்கு நிறுத்தத்தை அடைந்தான். தாயின் அழைப்புகள் ஆறு அதில் பதிந்திருந்தன. அவன் அழைத்துப் பேசினான். "நிறுத்தத்திலேயே இருக்கிறேன், அம்மா" என்றான். அது அந்நேரத்திற்கு உண்மையே.

பேருந்து பத்தே கால் மணிக்கு வந்தது. நசரத்பேட்டையைத் தாண்டிச் செம்பரம்பாக்கம் ஏரியின் பக்கமாகச் சென்றபோது, பலகணி வழியே குளிர்ந்த காற்று வீசியது. திருப்பெரும்புதூர் வரையில் அவன் விழித்திருந்தான். காஞ்சிக்குப் பிரியும் சாலையைப் பேருந்து கடந்தபோது உறங்கிவிட்டான்.